வெட்டாமல் மாட்டுவோம்!

(மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "நாட்டுப்பற்று", "நேரம் பொன் போன்றது" என்று எழுதினால் ஆசிரியர் குழு மகிழும். ஆனால் நம்மில் எத்தனை பேர் அதைப் படிப்போம்? படம் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். அதனால் நான் எழுதப்போவது ஒரு காரைப் பற்றியும், அதில் மாட்டிய ஒரு ரேடியோவைப் பற்றியும், என் கையால் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும்தான்.

என் தாய்மாமா திருமங்கலத்தில் இருக்கிறார். பாட்டுப் பைத்தியம். 2005-ல் கார் வாங்கினார். கம்பெனியிலிருந்தே செட் மாட்டி வந்த கார். "கம்பெனி செட்டுடா, யாரும் கை வைக்கக் கூடாது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர், 2007-ல் தானே அதில் கைவைத்தார். காரணம், வேர்ல்டுஸ்பேஸ்.

நம் வயதுக்காரர்கள் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. அது நேராகச் செயற்கைக்கோளிலிருந்து வந்த ரேடியோ. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர் தொடங்கிய நிறுவனம். 1998 அக்டோபரில் ஆப்பிரிக்காவுக்காக 'ஆப்ரிஸ்டார்', 2000 மார்ச்சில் ஆசியாவுக்காக 'ஏசியாஸ்டார்' என்று இரண்டு கோள்களை ஏவினார்கள். ஏசியாஸ்டார் நின்ற இடம் கிழக்குத் தீர்க்கரேகை 105 டிகிரி, பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து எல்-பேண்டில், 1467 முதல் 1492 மெகாஹெர்ட்ஸுக்குள், டிஜிட்டலாகப் பாட்டு இறங்கியது. தமிழுக்குக் 'கேஎல் ரேடியோ', கர்நாடக இசைக்கு 'ஸ்ருதி' என்று தனித்தனிச் சேனல்கள். அடையாள இசை போட்டுக் கொடுத்தவர் நம் ஏ.ஆர்.ரகுமான். சந்தா கட்ட வேண்டும். பதிலுக்கு விளம்பரத் தொல்லை இல்லை, கொரகொரப்பு இல்லை. மாமா மயங்கியதில் ஆச்சரியம் உண்டா?

வீட்டு மொட்டை மாடியில் கேட்டது போதாது, காரிலும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். பெட்டி ஒன்று, தட்டையான ஆன்டெனா ஒன்று. அதைக் கம்பெனி செட்டோடு சேர்க்க ஒருவரைப் பிடித்தார். அவர் அரைமணி நேரத்தில் வேலையை முடித்தார். எப்படி? செட்டுக்குப் பின்னாலிருந்த கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரை முறுக்கி, டேப் சுற்றி!

ஓடும்போது பாடுமா?

நம் துறைக் கண்ணோடு இதைக் கொஞ்சம் பார்ப்போம். மதுரையிலிருந்து 105 டிகிரி கோளைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கிலிருந்து சற்றே தெற்காக, சுமார் 19 டிகிரி திரும்பி, அடிவானத்திலிருந்து சுமார் 57 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் திரிகோணமிதி தெரிந்த நண்பனிடம் கொடுத்துச் சரிபாருங்கள். அந்தத் திசையில் ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். தெற்கு மாசி வீதி கிழக்கு மேற்காக ஓடுவதால் வீதியின் நீளத்திலேயே வானம் கிடைக்கும். மேல மாசி வீதி வடக்கு தெற்காக ஓடுகிறது. கிழக்குப் பக்கத்து மாடி வீடு கோளை மறைத்துவிடும். உசிலம்பட்டி ரோட்டுப் பொட்டலில் பிரமாதம். புளியமரத்தடியில் நிறுத்தினால் பாட்டு நின்றுவிடும்!

அமெரிக்காவில் இதே போன்ற சேவையை எக்ஸ்எம் 2001-லும், சிரியஸ் 2002-லும் தொடங்கின. 2008-ல் இரண்டும் ஒன்றாகி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே கட்டடம் மறைக்கும் நகரங்களில் தரையிலேயே துணை டிரான்ஸ்மிட்டர் வைத்தார்கள். கார்க் கம்பெனிகளோடு சேர்ந்து தொழிற்சாலையிலேயே ரேடியோவை மாட்டி அனுப்பினார்கள். பழைய காருக்குத் தனிப் பெட்டியும், செட்டோடு சேர்க்க அடாப்டரும் விற்றார்கள். நம் ஊரில் அந்தத் துணை டிரான்ஸ்மிட்டர்கள் வேர்ல்டுஸ்பேஸ் இருந்த காலம் வரையில் வரவேயில்லை. ஆக, மாமாவின் கார் ரேடியோ என்பது பெரும்பாலும் நிறுத்திவைத்த காரின் ரேடியோதான். பொட்டலில் காரை நிறுத்தி, ஆன்டெனாவைப் பானெட் மேல் சாய்த்துவைத்து, கதவைத் திறந்துபோட்டுக் கேட்பாராம். அத்தை இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அப்புறம்? 2008 அக்டோபரில் தாய் நிறுவனம் அமெரிக்காவில் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியச் சேவை நின்றது. அந்த நிறுவனத்தின் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதுதான் வேடிக்கை. அன்று நான் கைக்குழந்தை. கோளிலிருந்து வந்த பாட்டு நின்றுபோனது. ஆனால் டேஷ்போர்டுக்குள் வெட்டிய ஒயர் வெட்டியபடியே இருந்தது!

புகை வந்த நாள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம். மாமா, அத்தை, அவர்களின் சின்ன மகள் மூவரும் திருப்பரங்குன்றம் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. பிறகு புகை. மாமா வண்டியை ஓரங்கட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பிடுங்கினார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஆறு மாதம் காரில் ஏற மாட்டேன் என்று அழுதது.

என்ன நடந்தது? பெட்டிக்கு வேண்டிய கரண்டை, செட்டின் ஃப்யூஸ் போட்ட லைனிலிருந்து எடுக்காமல், இக்னிஷன் சுவிட்சின் தடிமனான ஒயரிலிருந்து நேராகத் தட்டியிருக்கிறார்கள். நடுவில் ஃப்யூஸ் கிடையாது. பாட்டு நின்றபின் பெட்டியை மட்டும் கழற்றினார்களே தவிர, ஒயரை எவரும் கவனிக்கவில்லை. நம்மூர் வெயிலில் டேப்பின் பசை இளகி ஒழுகிவிட்டது. ஒயர் இரும்புப் பட்டையில் உரசி உரசித் தோல் உரிந்து பாடி எர்த்தில் பட்டுவிட்டது.

கணக்குப் போடுங்கள். அரை மில்லிமீட்டர் சதுரக் குறுக்குப் பரப்புள்ள செம்பு ஒயர், 3 மீட்டர் நீளம் என்றால் அதன் தடை சுமார் 0.1 ஓம். 12 வோல்ட்டை 0.1-ஆல் வகுத்தால் 120 ஆம்பியர். வெப்பம் 1,440 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியைவிட அதிகம்! பேட்டரியின் உள்தடை, ஜாயின்ட்டின் தடை எல்லாம் சேர்ந்து இதைப் பாதியாகக் குறைத்தால்கூட, பஞ்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரிதான். 3 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று இருந்திருந்தால் ஒரு நொடியில் போயிருக்கும், கதை முடிந்திருக்கும். ஓம் விதியை முதலாம் ஆண்டில் எல்லோரும் எழுதி மார்க் வாங்கினோமே, அது தேர்வுத்தாளுக்கு மட்டும்தானா?

நானும் யோக்கியன் இல்லை

இதையெல்லாம் கேட்டு ஒயரிங்காரரைத் திட்டியவன் நான். ஆனால் இரண்டாமாண்டு விடுமுறையில் சிம்மக்கல் பக்கம் ஒரு கார் செட் கடையில் வேலைக்குப் போனபோது நானும் அதையேதான் செய்தேன்.

மேலூரிலிருந்து ஒருவர் வந்தார். கம்பெனி செட் இருக்கட்டும், அதோடு போனைச் சேர்த்துப் பாட்டுக் கேட்க ஒரு வழி செய்து கொடுங்கள் என்றார். கடை அண்ணன் வேறு வண்டியில் இருந்தார். "தம்பி, கொஞ்சம் சீக்கிரம் முடிங்க, கல்யாணத்துக்குப் போகணும்" என்று அவசரப்படுத்தினார். அந்தக் காருக்குரிய அடாப்டர் கப்ளர் கடையில் இல்லை. டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் வாங்க வேண்டும். நான் கட்டிங் பிளையரை எடுத்தேன். ஒரே வெட்டு.

அதோடு நின்றேனா? சத்தத்தில் இரைச்சல் வருகிறதே என்று, ஸ்பீக்கர் மைனஸ் ஒயரையும் பாடி எர்த்தோடு சேர்த்தேன். நம் பாடப் புத்தக ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரின் ஒரு முனை எர்த்தில்தானே இருக்கிறது! ஆனால் கார் செட்டுக்குள் இருப்பது பிரிட்ஜ் வகை. ஸ்பீக்கரின் இரண்டு முனையும் ஐசியிலிருந்து வருகின்றன; ஒன்றுகூட எர்த் கிடையாது. எர்த்தில் சேர்த்தால் ஐசி தாங்காது. தாங்கவில்லை. கம்பெனி செட் செத்தது.

அவர் சத்தம் போடவில்லை. "படிச்ச பையன்தானேப்பா நீ?" என்று மட்டும் கேட்டார். கடை அண்ணன் வேறு செட் மாட்டிக் கொடுத்தார். என் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

அன்று இரவு பஸ்ஸில் போகும்போது நினைத்தேன். மாமா காரில் கைவைத்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவருக்காவது யாரும் ஓம் விதி சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் எப்படி மாட்டுவது?

கடை அண்ணன் மறுநாளிலிருந்து சொல்லித் தந்ததை உங்களுக்கும் தருகிறேன். புதிதாக எதைச் சேர்த்தாலும், அது செயற்கைக்கோள் ரேடியோவாக இருந்தாலும் சரி, போனாக இருந்தாலும் சரி, வழி நான்குதான்.

முதல் வழி, செட்டின் முகப்பில் ஆக்ஸ் துளை இருந்தால் அதிலேயே சொருகு. இரண்டாவது, முகப்பில் இல்லாவிட்டாலும் பின்னால் சிடி சேஞ்சருக்கு என்று ஒரு துளை சில செட்டுகளில் இருக்கும். அதற்கு ஏற்ற அடாப்டர் வாங்கு. மூன்றாவது, ஆன்டெனா ஒயருக்கு நடுவில் எஃப்எம் மாடுலேட்டர் பெட்டி வை. காலியான அலைவரிசை ஒன்றில் பாட்டை ஏற்றி, செட்டை ரேடியோ என்றே நம்பவைக்கும் வித்தை இது. 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் வராது. ஆனால் செட்டில் ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டாம். நான்காவது, ஒயரே இல்லாத சின்ன எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். விலை குறைவு, ஆனால் கொடைக்கானல் 100.5 மாதிரி பலமான நிலையம் பக்கத்தில் இருந்தால் அதன் காலடியில் நசுங்கிவிடும். காலி இடம் தேடி வைக்க வேண்டும்.

கரண்ட் எடுக்கும்போது நிறத்தை நம்பாதே, மீட்டரை நம்பு. வெளியில் வாங்கும் செட்டில் மஞ்சள் என்றால் பேட்டரி, சிவப்பு என்றால் சாவி போட்டால் வருவது, கறுப்பு என்றால் எர்த். ஆனால் கார்க் கம்பெனியின் ஒயரில் நிறம் ஆளுக்கு ஆள் மாறும். ஐஎஸ்ஓ 10487 என்ற தரப்படி வந்த கப்ளராக இருந்தால் 'ஏ' கட்டையில் 4-ஆம் பின் பேட்டரி, 7-ஆம் பின் சாவி, 8-ஆம் பின் எர்த். அப்போதும் மீட்டர் வைத்துப் பார்த்தபின் தொடு. சேர்க்கிற பெட்டிக்குத் தனி ஃப்யூஸ், கரண்ட் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே. சால்டர் வைத்து, அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். வெறும் டேப் கத்திரி வெயிலுக்குத் தாங்காது.

இன்னொன்று. 5 வோல்ட் வேண்டுமென்றால் உடனே நமக்கு 7805 ஞாபகம் வரும். இன்ஜின் ஓடும்போது காரில் சுமார் 14 வோல்ட். அரை ஆம்பியர் எடுத்தால் 9 வோல்ட்டை அரையால் பெருக்கி 4.5 வாட் வெப்பம் அந்தச் சின்ன ஐசியின் தலையில். ஹீட் சிங்க் இல்லாமல் டேஷ்போர்டுக்குள் திணித்தால் என்ன ஆகும்? ஸ்விட்சிங் வகை கன்வெர்ட்டர் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரே விதி: நீ மாட்டியதை நாளைக்கு வேறொருவன் கழற்றினால், கார் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்ப வேண்டும். ஏனென்றால் சேவை வரும், போகும். கேசட் போனது, சிடி போனது, வானத்திலிருந்து வந்த வேர்ல்டுஸ்பேஸே போனது. கார் மட்டும் இருபது வருடம் ஓடுகிறது. நேற்று வந்த விருந்தாளிக்காக வீட்டுத் தூணை வெட்டுவார்களா?

"காசு யார் தருவா?"

இதைச் சொன்னபோது கடையில் ஒரு சீனியர் அண்ணன் சிரித்தார். "தம்பி, கப்ளருக்கு ஒரு காசு, அதை வாங்கப் போய்வர ஒரு மணி நேரம். பக்கத்துக் கடைக்காரன் வெட்டி ஒட்டிப் பாதிக் காசுக்கு முடிக்கிறான். கஸ்டமர் எங்கே போவான்? உங்க காலேஜ் நியாயம் எங்க கல்லாப்பெட்டிக்கு ஆகாதுப்பா" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வயிற்றுப் பாட்டுக்காரரிடம் தரம் பற்றிப் பிரசங்கம் செய்வது எளிது. ஆனால் கஸ்டமருக்கு வெட்டினால் என்ன, வெட்டாவிட்டால் என்ன என்று யாராவது சொல்லியிருக்கிறோமா? நான் கடை அண்ணனிடம் அனுமதி கேட்டு, மீதி நாட்களில் இரண்டு விலையையும் சீட்டில் எழுதிக் காட்டினேன். "இது வெட்டி மாட்டுவது, இது கப்ளர் போட்டு மாட்டுவது, இதைக் கழற்றினால் வண்டி பழையபடி இருக்கும், விற்கும்போது மதிப்புக் குறையாது" என்றேன். எல்லோரும் கப்ளர் கேட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். பலர் கேட்டார்கள். "வெட்டியே போடு தம்பி" என்றவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஃப்யூஸ் இல்லாமல் விடவில்லை.

கார்க் கம்பெனிகளையும் விட்டுவிட முடியாது. இப்போது வரும் பல கார்களில் செட் என்பது பாட்டுப் பெட்டி மட்டுமல்ல. பின்பக்கக் கேமரா, ஸ்டீரியரிங் பட்டன், சில கார்களில் ஏசி கூட அதே திரைக்குள். கழற்றினால் வண்டியே கோபித்துக்கொள்ளும். ஒயரிங் படம் கேட்டால் வெளியாளுக்குத் தருவதில்லை. வழியை அடைத்துவிட்டு, சுவர் ஏறிக் குதித்தாயே என்று கேட்பது என்ன நியாயம்? 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனங்களோடு வாகனங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் உரிமை கேட்பவனுக்குக் கைத்திறனும் பொறுப்பும் இருக்க வேண்டும். "இவங்க கையில கொடுத்தா வெட்டிடுவாங்க" என்று கம்பெனி சொல்லும்போது, அதற்கு நாமே சாட்சியாகப் போய் நிற்கக் கூடாது.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

நண்பர்களே, நம் கல்லூரியில் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? எங்கள் துறைப் பையன் சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவரின் பிளாக் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவான். ஒரு காரில் சாவி லைன் எது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். ஆட்டோமொபைல் பையன் இன்ஜினைப் பிரித்துப் பரப்பிவிடுவான். ஒரு ஒயர் தெரிந்தால் "கரண்ட் வேலையா? ஆளை விடு மாப்ள" என்று ஓடுவான். இரண்டு துறைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரின் நடுவில்தான் மாமாவின் கார் புகைந்தது.

நம் சங்கத்திடம் கேட்கிறேன். கலைவிழாவுக்குச் செலவிடுகிறோம், நல்லது. வருடத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை, இரண்டு துறையும் சேர்ந்து ஒரு பட்டறை நடத்துவோம். பழைய காரின் டேஷ்போர்டு ஒன்றைக் காயலான் கடையில் வாங்கி, ஒரு பலகையில் ஏற்றுவோம். செட், கப்ளர், ஸ்பீக்கர், ஃப்யூஸ் பெட்டி, ஒரு பேட்டரி. மீட்டர் வைத்து லைன் கண்டுபிடிக்கட்டும். வெட்டாமல் ஒரு பெட்டியைச் சேர்க்கட்டும். பிறகு அதைக் கழற்றிப் பழையபடி ஆக்கிக் காட்டட்டும். அதில் தேறியவனுக்குச் சான்றிதழ்கூட வேண்டாம், ஒரு டீ போதும். அந்தப் பலகைக்கு முதல் மல்டிமீட்டரை நான் தருகிறேன். விடுமுறைச் சம்பளத்தில் வாங்கியது, நல்ல மீட்டர்.

மாமாவின் கார் இப்போதும் ஓடுகிறது. போன விடுமுறையில் நானும் கடை அண்ணனும் சேர்ந்து பழைய முறுக்கு ஒயரையெல்லாம் பிடுங்கி, புதுக் கப்ளர் வைத்து, ஃப்யூஸ் போட்டுக் கொடுத்தோம். வேலை முடிய ஒரு நாள் பிடித்தது. செட்டைப் போட்டதும் கொடைக்கானல் எஃப்எம் பாடியது. சந்தாவும் இல்லை, 57 டிகிரியும் இல்லை! மாமா மகள் தயங்கித் தயங்கி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "புகை வராதுல்ல?" என்று கேட்டாள். "வராதும்மா" என்றேன்.

அந்த "வராதும்மா" என்பதைத் தைரியமாகச் சொல்ல முடிகிற டிப்ளமோக்காரன் ஒவ்வொரு பட்டறையிலும் இருக்க வேண்டும். பிளையரை எடுக்கும் முன் ஒரு நிமிடம் நிற்போம். வெட்டுவது ஒரு நொடி. ஒட்டுவது ஒரு நாள். சிந்திப்போம் நண்பர்களே, வெட்டாமல் மாட்டுவோம்!